எண்ணெயோடு வந்த நீர்

நம் நாட்டில் எண்ணெய் கண்ட வரலாற்றைச் சொல்வோர், எந்த ஆண்டில் எந்தக் கிணறு பீறிட்டது, எத்தனை பீப்பாய் கிடைத்தது, யார் ஆண்டனர், யார் வாங்கினர் என்று எண்ணெயைப் பற்றியே சொல்வது வழக்கம். ஆனால் எண்ணெய்க் கிணறு எதுவாயினும், அதிலிருந்து எண்ணெய் மட்டும் மேலே வருவதில்லை, நீரும் வருகின்றது. கிணறு முதுமையடைய அடைய எண்ணெய் குறைந்து நீர் பெருகுகின்றது. வயதான வயல்களில் மேலே வரும் திரவத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கும் அதற்கு மேலும் நீராகவே இருப்பதுண்டு. எண்ணெய்க்கு விலை இருந்தது. ஆதலின் அதற்குக் கணக்கும் இருந்தது. நீருக்கு விலை இல்லை. ஆதலின் நெடுங்காலம் அது எங்கே போயிற்று என்று கேட்பாரும் இல்லை. அஸ்ஸாமிலும் குஜராத்திலும் மும்பைக் கடற்கரையிலும் எண்ணெய் வயல்களுக்கு அருகே வாழும் தமிழன்பர்கள் தம் கண்முன் காணும் தொட்டிகளுக்கும் குழாய்களுக்கும் பின்னால் இந்த நீரின் கதை ஒன்று உண்டு. அதனையே இங்குக் கூறப் புகுகின்றோம்.

நீர் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். எண்ணெய் பூமிக்கடியில் ஏரி போலத் தேங்கியிருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது மணற்பாறை, சுண்ணாம்புப் பாறை ஆகியவற்றின் நுண்ணிய துளைகளில் ஊறிக் கிடக்கின்றது. அப்பாறைகள் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியிலும் ஆற்றுப்படுகையிலும் படிந்த வண்டல். படிந்த நாளிலேயே துளைகளில் நீர் நிறைந்திருந்தது. பின்னர் எண்ணெய் ஊர்ந்து வந்து, தான் இலேசாகையால் மேற்பகுதியைப் பிடித்துக்கொண்டது; நீர் கீழே நின்றது. எண்ணெயை எடுக்க எடுக்க அந்த நீர் மேலேறி வெற்றிடத்தை நிரப்புகின்றது. முடிவில் கிணற்றுக்குள்ளும் புகுகின்றது.

பல யுகங்களாகப் பாறையோடு உறவாடிய அந்நீர் வெறும் நீராக இருப்பதில்லை. முதலாவது அதில் உப்பு மிகுதி. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35,000 மில்லிகிராம் உப்பு உண்டு. எண்ணெய் வயல் நீர் சிலவிடங்களில் அதனினும் பன்மடங்கு உப்புடையது. வேறு சிலவிடங்களில், மேல் அஸ்ஸாமிற் போல, கடல்நீரைவிடக் குறைந்த உப்புடையது. அடுத்து, கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளிகள். நீரில் கரைந்த பென்சீன், பீனால் முதலிய பொருள்கள். அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு. இரும்பு, பேரியம் போன்ற உலோகங்கள். இவற்றோடு, குழாய் துருவாமலிருக்கவும் எண்ணெயும் நீரும் பிரியவும் மனிதர் சேர்த்த மருந்துகள்.

இனி வரலாற்றுக்கு வருவோம். அஸ்ஸாமில் நிலக்கரிக்காகவும் தேயிலைக்காகவும் இருப்புப் பாதை அமைத்த அஸ்ஸாம் இரயில்வே அண்டு டிரேடிங் கம்பெனி 1889ஆம் ஆண்டு திக்பாயில் முதற்கிணற்றைத் தோண்டத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டு 662 அடி ஆழத்தில் அக்கிணறு முடிவுற்றது. 1899இல் அஸ்ஸாம் ஆயில் கம்பெனி தோன்றிற்று. 1901 டிசம்பரில் திக்பாய்ச் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கிற்று. மரம் இழுத்துச் சென்ற யானையின் காலில் எண்ணெய் ஒட்டியிருந்தது கண்டே அவ்விடம் தெரியவந்தது என்பது இன்றும் அங்கு வழங்கும் கதை. கதை மெய்யோ பொய்யோ, யானை உலவும் காட்டின் நடுவில், ஆண்டுக்கு ஏறத்தாழ 100 அங்குல மழை பொழியும் நாட்டில், ஓடைகளுக்கும் நெல் வயல்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் இடையே நம் எண்ணெய்த் தொழில் பிறந்தது என்பது மெய்.

அந்நாளில் உலகெங்கும் எண்ணெய் வயல்களில் நீரை அகற்ற இரண்டே வழிகள் பெரிதும் வழங்கின. ஒன்று, அருகிலுள்ள ஓடையில் விடுவது. மற்றொன்று, மண்ணில் பள்ளம் வெட்டி அதில் தேக்கி, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்துக்கொண்டு, எஞ்சியதை வெயில் குடிக்கட்டும் என்று விட்டுவிடுவது. வெயில் குடிப்பது நீரை மட்டுமே; உப்பைக் குடிப்பதில்லை. மழை நாட்டிலோ பள்ளம் காய்வதற்கு முன் நிரம்பி வழிகின்றது. வழியாத நீர் மண்ணுக்குள் இறங்கிக் குடிநீர்க் கிணறுகளை நோக்கிச் சிறிது சிறிதாக நகர்கின்றது.

உப்பு நிலத்துக்குச் செய்யும் தீங்கினை நெய்தல் நிலத்து மக்கள் நன்கறிவர். உப்பு மிகுந்த மண்ணில் வேர்கள் நீரை உறிஞ்ச இயலாமல், ஈரத்தின் நடுவே பயிர் தாகத்தால் வாடும். உப்பிலுள்ள சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைக் குலைத்துவிடும். காய்ந்தால் ஓடு போல இறுகும், நனைந்தால் சேறாகிக் காற்றும் நீரும் புகாமல் அடைத்துக்கொள்ளும். நெல்லோ உப்பைத் தாங்கும் ஆற்றல் குறைந்த பயிர்களுள் ஒன்று. எண்ணெய் சிந்தினால் கறுப்பாகத் தெரியும், நாற்றமும் அடிக்கும், ஊரார் கூச்சலிடுவர். உப்புக்கு நிறமில்லை, நாற்றமில்லை. கிணற்று நீர் கரித்த பிறகே அது வந்து சேர்ந்தது தெரியும். வந்த பின் அதனை வெளியேற்றப் பல பத்தாண்டுகளும் போதா.

இந்த உண்மையைப் பெருஞ்செலவில் கற்றுக்கொண்ட இடங்களுள் முதன்மையானது அமெரிக்காவின் கிழக்கு டெக்ஸாஸ். எழுபது வயதைத் தொட்டுவிட்ட ஜாய்னர் என்பவர் 1930 அக்டோபரில் அங்கே எண்ணெய் கண்டார். 45 மைல் நீளத்துக்கு விரிந்த வயல் அது. சிறிய நிலத்துண்டு வைத்திருந்தவரெல்லாம் கிணறு தோண்டினர். ஆயிரக்கணக்கில் கிணறுகள் நெருங்கி எழுந்தன. 1931இல் எண்ணெய் விலை படுவீழ்ச்சியடைய, மிகை உற்பத்தியைத் தடுக்க ஆளுநர் படையையே அனுப்ப நேர்ந்தது. இவ்வளவு விரைவாக எண்ணெயை உறிஞ்சியதன் பயனாக, வுட்பைன் என்னும் அந்த மணற்பாறையில் இருந்த அழுத்தம் குன்றிற்று. மேற்குப் பக்கத்திலிருந்து உப்பு நீர் ஏறிவந்தது. கடல்நீரைக் காட்டிலும் உப்பு மிகுந்த நீர் அது. பள்ளங்கள் நிரம்பின; ஓடைகள் கரித்தன; ஆறுகளுக்கும் உப்பு சென்றது. கீழ்ப்பகுதிகளில் விளைநிலம் வைத்திருந்தோரும் ஆற்றுநீரை நம்பியிருந்தோரும் முறையிட்டனர்.

ஓடையிலும் விடலாகாது, பள்ளத்திலும் தேக்கலாகாது என்றால், நீரை எங்கே கொண்டுபோவது? 1930களின் இறுதியில் சிலர் அதனை வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பிப் பார்த்தனர். அந்த எண்ணத்துக்கு முன்னோடியும் இருந்தது. பென்சில்வேனியா மாநிலத்துப் பிராட்போர்டு வயலில், பழுதான கிணறுகள் வழியே மேற்பரப்பு நீர் தற்செயலாக எண்ணெய்ப் பாறைக்குள் புகுந்து, பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் பெருகக் கண்டிருந்தனர். ஜான் கார்ல் என்ற நிலவியலார் 1880இலேயே இதனைக் குறித்து எழுதினார். ஆனால் அங்கே நீர் புகுத்துவதைச் சட்டம் 1921ஆம் ஆண்டிலேயே அனுமதித்தது.

கிழக்கு டெக்ஸாஸில் 1942ஆம் ஆண்டு, வயலில் எண்ணெய் எடுப்போர் பலர் கூடி, உப்பு நீரை அகற்றுவதற்கென்றே ஒரு கம்பெனியை அமைத்தனர். எண்ணெய்க்காக ஒருவரோடொருவர் போட்டியிட்டவர்கள் நீருக்காக ஒன்று கூடினர் என்பது கவனிக்கத்தக்கது. எந்தச் சிறு உரிமையாளரும் தனியே தாங்க முடியாத செலவு அது. கிணறுதோறும் வரும் நீரைக் குழாய்களில் சேர்த்து, எண்ணெயை வழித்தெடுத்து, கசடு படியவைத்து, வடிகட்டி, மீண்டும் வுட்பைன் பாறைக்குள்ளேயே செலுத்தினர். ஆறுகளின் சுமை குறைந்ததோடு மற்றொரு நன்மையும் விளைந்தது. திரும்பிச் சென்ற நீர் பாறையின் அழுத்தத்தைத் தாங்கி நின்றது; கிணறுகளின் ஆயுள் நீண்டது. தொல்லையென்று துரத்தப்பட்ட பொருள் துணையாயிற்று. ஆயினும் எல்லா வயல்களிலும் இம்முறை பரவ நெடுநாள் ஆயிற்று. டெக்ஸாஸ் மாநிலம் முழுவதும் உப்பு நீர்ப் பள்ளங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது 1969 ஜனவரி முதல் தேதியன்றே. வழி தெரிந்த நாளுக்கும் வழக்கமான நாளுக்கும் இடையே முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

திருப்பி அனுப்புவதானாலும் நீரைத் தூய்மை செய்யாமல் முடியாது. பாறையின் துளைகள் மிக நுண்ணியவை. அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் இரும்புத் துருவும் அவற்றை அடைத்துவிடும். ஆற்றிலோ கடலிலோ விடுவதானால் தூய்மை இன்னும் வேண்டும். ஆகவே நீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் கலை இந்தத் தொழிலோடு வளர்ந்தது. அதன் அடிப்படை விதியை 1851ஆம் ஆண்டிலேயே ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் எண்ணெயை நினையாமலே வகுத்துவிட்டார். திரவத்தில் மிதக்கும் சிறு துளியின் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதே அவ்விதி. விட்டம் பாதியானால் வேகம் கால் பங்காகும். பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகும்.

இதன் பொருளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு மீட்டர் ஆழமுள்ள அசைவற்ற தொட்டியின் அடியில், ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு, அதாவது 150 மைக்ரான் விட்டமுள்ள எண்ணெய்த்துளி இருப்பதாகக் கொள்வோம். நடுத்தரமான எண்ணெயாயின், அது மேலே வந்து சேர ஏறத்தாழ 9 நிமிடம் போதும். 15 மைக்ரான் துளிக்கு 15 மணி நேரம் வேண்டும். 1.5 மைக்ரான் துளிக்கு இரண்டு மாதம் வேண்டும். அவ்வளவு காலம் நீரை நிறுத்திவைக்க எந்த வயலிலும் இடமில்லை. அமெரிக்கப் பெட்ரோலியம் கழகத்தின் முறைப்படி கட்டப்பட்டு உலகெங்கும் பரவிய நீண்ட பிரிப்புத் தொட்டிகள், 150 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துளிகளைப் பிடிப்பதையே குறியாகக் கொண்டவை. அவை முதற்படி மட்டுமே.

சிறு துளிகளைப் பிடிக்க வேறு உபாயங்கள் வேண்டியிருந்தன. கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளிய வைப்பது நம் நாட்டுப் பழைய முறை. அதே கருத்தில், படிகாரம் முதலிய பொருள்களைச் சேர்த்துச் சிறு துளிகளைத் திரளச் செய்வது ஓர் உபாயம். நீருக்குள் நுண்ணிய காற்றுக் குமிழிகளை எழுப்ப, அவை எண்ணெய்த் துளிகளைப் பற்றிக்கொண்டு நுரையாக மேலே வருவது மற்றோர் உபாயம். அக்ரூட் கொட்டையின் ஓட்டை நொறுக்கி, மணலுக்குப் பதிலாக வடிகட்டியில் நிரப்புவதும் உண்டு. அந்த ஓடு எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், கழுவினால் விட்டுவிடும். இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வில் உருவாகி 1980களில் கடல் மேடைகளுக்கு வந்தது சுழற்குழாய். வாளி நீரைக் கையால் சுழற்றினால் துரும்பு நடுவில் கூடுவது போல, குறுகிய குழாயில் வேகமாகச் சுழலும் நீரின் நடுவே எண்ணெய் திரண்டு வெளியேறுகின்றது. மணிக்கணக்கில் நடப்பது நொடிக்கணக்கில் முடிகின்றது. நீரில் கரைந்துபோன பொருள்களுக்கு இவை பயன்படா. அவற்றை உண்டு செரிக்கும் நுண்ணுயிர்களை வளர்க்கும் தொட்டிகள் வேண்டும்.

இத்தனை படிகளையும் கடந்த பிறகும் உப்பு அப்படியே நிற்கின்றது. அது மிதப்பதில்லை, படிவதில்லை, வடிகட்டியில் தங்குவதில்லை, கிருமிகள் உண்பதுமில்லை. உப்பைப் பிரிக்கும் மெல்லிய சவ்வினை அமெரிக்காவில் லோப் என்பவரும் இந்தியரான ஸ்ரீநிவாச சௌரிராஜனும் 1960ஆம் ஆண்டையொட்டி உருவாக்கினர். அச்சவ்வினால் ஓர் ஊருக்கே குடிநீர் அளித்த முதல் நிலையம் 1965இல் கலிபோர்னியாவின் கோவாலிங்கா என்னும் எண்ணெய் நகரத்திலேயே அமைந்தது. அங்கு அது தூய்மை செய்தது உவர்ப்பான நிலத்தடி நீரை. எண்ணெய் வயல் நீரை அப்படியே அதில் விட்டால், எஞ்சிய எண்ணெய் சவ்வை அடைத்துக் கெடுக்கும். உப்பு ஏற ஏற மின்சாரச் செலவும் ஏறும். முடிவில் நல்ல நீர் ஒரு பக்கம் வர, இன்னும் செறிந்த உப்பு நீர் மறுபக்கம் நிற்கும். அதனை எங்கே வைப்பது என்ற பழைய கேள்வி மீண்டும் எழும். ஆகவே எண்ணெய் வயல் நீரைத் தூய்மை செய்வது என்னும் வேலை இரண்டு வேலைகளாகும். எண்ணெயை நீக்குவது முயற்சியால் முடிவது. உப்பை நீக்குவது பெரும்பாலும் இடம் மாற்றுவதே.

நம் நாட்டில் இக்கேள்வி பெரிதாக எழுந்தது விடுதலைக்குப் பிறகே. 1953இல் அஸ்ஸாமின் நாகர்கட்டியாவில் எண்ணெய் கிடைத்தது. 1956இல் எண்ணெய், இயற்கை வாயுக் கமிஷன் அமைக்கப்பட்டது. 1958இல் குஜராத்தின் காம்பேயிலும், 1960இல் அங்கலேஸ்வரிலும் எண்ணெய் வெளிப்பட்டது. அங்கலேஸ்வர்க் கிணற்றுக்குப் பிரதமர் நேரு வசுதாரா என்று பெயர் சூட்டினார். 1959இல் ஆயில் இந்தியா தோன்றிற்று. 1974 பிப்ரவரியில் பம்பாய் ஹை, இன்றைய வழக்கில் மும்பை ஹை, கடலடியில் எண்ணெய் தந்தது. ஒவ்வொரு வயலும் இளமையில் எண்ணெயையும் முதுமையில் நீரையும் மிகுதியாகத் தந்தது. ஆகையால் கண்டுபிடிப்பின் மகிழ்ச்சி ஒரு தலைமுறைக்கும், நீரின் பொறுப்பு அடுத்த தலைமுறைக்குமாகப் பிரிந்தது.

பம்பாய் ஹை கண்ட அதே 1974ஆம் ஆண்டு மார்ச்சில், நீர் மாசுபடுவதைத் தடுக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிற்று. நீர் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டதாகையால், மாநிலங்கள் தீர்மானம் இயற்றி வேண்டிக்கொண்ட பிறகே நாடாளுமன்றம் அச்சட்டத்தைச் செய்ய இயன்றது. அவ்வாறு முதலில் வேண்டிக்கொண்ட மாநிலங்களுள் எண்ணெய் வயல்களையுடைய அஸ்ஸாமும் குஜராத்தும் இருந்தன. மத்திய வாரியமும் மாநில வாரியங்களும் அச்சட்டத்தால் உண்டாயின. போபால் நகரில் 1984இல் நிகழ்ந்த பேரழிவுக்குப் பின், 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின் கீழ் எண்ணெய் தோண்டும் தொழிலுக்கென்றே தனி அளவுகள் 1996இல் வெளியிடப்பட்டன. திக்பாயின் முதற்கிணற்றிலிருந்து கணக்கிட்டால் நூறு ஆண்டுகளுக்கும் மேல்.

அந்த 1996ஆம் ஆண்டு விதிகளைக் கூர்ந்து படித்தால், மேலே சொன்ன இரண்டு வேலைகளின் வேறுபாடு அவற்றிலேயே தெரிகின்றது. நிலத்தில் வெளியேற்றும் நீரில் எண்ணெயும் பிசுக்கும் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. கரைந்த பொருள்கள் மொத்தம் 2,100 மில்லிகிராமுக்கும், அவற்றுள் குளோரைடு 600 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது. கடல்நீரின் அளவான 35,000த்தை நினைவிற் கொண்டால் இது எவ்வளவு கடுமையான வரம்பு என்பது விளங்கும். ஆனால் அந்நீரைக் கைவிடப்பட்ட கிணற்றின் வழியே, நிலமட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்குக் கீழே செலுத்துவதானால், இரண்டு அளவுகள் மட்டுமே பார்க்கப்படும்: எண்ணெய்ப் பிசுக்கு 10 மில்லிகிராம், மிதக்கும் திடப்பொருள் 100 மில்லிகிராம். உப்பைப் பற்றிய வரம்பு அங்கே இல்லை. எண்ணெயை எங்கும் நீக்கு. உப்பை வயலுக்கும் குடிநீருக்கும் எட்டாத ஆழத்துக்கு அனுப்பு. விதியின் சாரம் இதுவே. கிழக்கு டெக்ஸாஸ் மக்கள் பட்டறிந்தது ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் நம் சட்டத்தில் எழுத்தாயிற்று.

கடலில் நிலை வேறு. கடலுக்கு உப்பு புதிதன்று. ஆதலால் அங்கே எண்ணெயே முதல் கவலை. நம் விதிப்படி, கடல் மேடையிலிருந்து விடும் நீரில், வேறு நீர் கலந்து நீர்க்கச் செய்யாமலேயே, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சோதனைகளில் எண்ணெய் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. எந்தச் சோதனையிலும் 100ஐத் தாண்டலாகாது. ஐரோப்பாவின் வட கடல் நாடுகள் முன்பு 40 மில்லிகிராமை ஏற்றிருந்து, 2001இல் செய்த ஏற்பாட்டால் 2006இன் முடிவுக்குள் 30ஆகக் குறைக்க இசைந்தன. நீர்க்கச் செய்யாமல் என்ற சொற்கள் முக்கியமானவை. அவை இல்லையெனில் ஒரு குடம் அழுக்கில் நூறு குடம் நல்ல நீரை ஊற்றி, அழுக்கே இல்லை என்று காட்டிவிடலாம்.

நீரைப் புதைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவதும் தவறு. கிணற்றின் இரும்புக் குழாயும் அதனைச் சுற்றியுள்ள சிமெண்டும் பழுதாகியிருந்தால், கீழே போக வேண்டிய உப்பு நீர் நடுவழியிலேயே நல்ல நீர் உள்ள அடுக்கில் கசிந்துவிடும். நீர் எந்தப் பாறைக்குத் திரும்புகின்றது என்பதும் முக்கியம். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், எண்ணெயோடு வந்த நீரைப் பேரளவில் வேறோர் ஆழ்ந்த பாறையடுக்கில் செலுத்தினர். அங்கே நிலநடுக்கங்கள் பெருகின. 2016 செப்டம்பரில் பானி என்னும் ஊரருகே 5.8 அளவுள்ள நடுக்கம் ஏற்பட்டது. அரசு செலுத்தும் அளவைக் குறைக்க ஆணையிட்டது. எண்ணெய் எடுத்த பாறைக்கே நீரைத் திருப்பினால் வெளியேறிய இடம் நிரம்புகின்றது; எதுவும் எடுக்காத பாறையில் திணித்தால் அழுத்தம் ஏறுகின்றது.

உப்புக் குறைந்த நீர் வாய்த்த இடங்களில் வேறு வழிகளும் திறந்தன. 1899இல் எண்ணெய் கண்ட கலிபோர்னியாவின் கெர்ன் ஆற்று வயலில், எண்ணெயோடு வரும் நீர் உப்பில் மிகக் குறைந்தது. அதனைத் தூய்மை செய்து நல்ல நீரோடு கலந்து 1990கள் முதல் பாசனத்துக்கு அளித்து வருகின்றனர். தமிழர் பலர் பணிபுரியும் ஓமன் நாட்டின் நிம்ர் பாலைவன வயலில், 2010ஆம் ஆண்டையொட்டிப் பரந்த நாணற்காடு ஒன்றை நட்டனர். முதற்கட்டத்திலேயே நாளொன்றுக்கு 45,000 கன மீட்டர் நீரை ஏற்குமாறு அமைக்கப்பட்ட காடு அது. முதலில் சுழற்குழாய்கள் எண்ணெயைப் பிரிக்கின்றன. பின்னர் நீர் இயற்கைச் சரிவில் நாணல் வேர்களினூடே வழிந்து செல்ல, வேர்களில் வாழும் நுண்ணுயிர்கள் எஞ்சிய எண்ணெயைச் சிதைக்கின்றன. முன்பு அந்நீரை ஆழத்துக்குத் தள்ளச் செலவான ஆற்றலில் பெரும்பகுதி மிச்சமாயிற்று. பறவைகளும் வந்து சேர்ந்தன. ஆனால் அங்கும் உப்பு மறையவில்லை. கடைசிக் குளங்களில் நீர் ஆவியாகிப் போக, அது தங்கிநிற்கின்றது. ஆளில்லாப் பாலைவனத்துக்கு இது பொருந்தும். மூன்று போகம் கனவு காணும் நெல் நாட்டுக்குப் பொருந்தாது.

நெல் நாடு என்றவுடன் காவிரி நினைவுக்கு வருவது இயல்பு. காவிரிப் படுகையிலும் நரிமணம் முதலிய இடங்களில் 1980கள் தொடங்கி எண்ணெய் எடுக்கப்படுகின்றது. திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து அன்பர்கள் பிற மாநிலங்களில் இருந்துகொண்டே ஊர்ச் செய்திகளில் இதுபற்றிய கவலையைப் படித்திருப்பர். 2020இல் தமிழ்நாடு சட்டமன்றம் படுகைப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, அங்கே புதிதாக எண்ணெய், வாயு தேடுவதைத் தடுத்தது. முன்பே நடைபெற்ற பணிகளை அச்சட்டம் நிறுத்தவில்லை. எனவே பழைய கிணறுகளின் நீரை முறைப்படி ஆழத்துக்கு அனுப்புவதும், குழாய்களைக் காப்பதும், சுற்றியுள்ள கிணற்று நீரைச் சோதிப்பதும் அங்கே இன்னும் செய்யவேண்டிய பணிகளே.

இந்த வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகின்றது. தூய்மை செய்யும் கருவிகள் இல்லாமையால் நிலம் கெட்ட இடங்கள் சில. கருவி தெரிந்தும் கேட்பாரின்மையால் கெட்ட இடங்கள் பல. கிழக்கு டெக்ஸாஸில் உழவரும் ஆற்றங்கரை மக்களும் முறையிட்ட பின்னரே நீருக்கு வழி பிறந்தது. நம் நாட்டில் சட்டம் அளவுகளை எழுதி வைத்திருக்கின்றது. அவ்வளவுகளுக்கு உயிர் கொடுப்பது அளந்து பார்ப்பது. வயலருகே வாழும் குடும்பங்களுக்கும் இதில் பங்குண்டு. கிணற்று நீர் புதிதாகக் கரித்தால், பருவத்தின் குற்றம் என்று விட்டுவிடாமல், அதனைச் சோதிக்கச் சொல்லலாம். மாநில வாரியத்துக்கு எழுதலாம். உப்பின் அளவைக் காணும் சோதனை எளியது, செலவும் குறைந்தது. ஆண்டுதோறும் ஒரே கிணற்றில் ஒரே மாதத்தில் எடுத்த அளவுகளை வரிசையாக எழுதி வைத்தால், பத்தாண்டுகளில் அது மறுக்க முடியாத சாட்சியாகும்.

எண்ணெய் ஒரு தலைமுறையிலோ இரண்டு தலைமுறைகளிலோ வற்றிவிடும். திக்பாயின் பழைய கிணறுகள் பல ஓய்ந்துபோயின; அவற்றின் பெருமையை இன்று அருங்காட்சியகம் காத்து நிற்கின்றது. அங்குள்ள மண்ணில் நெல்லும் தேயிலையும் தொடர்ந்து விளைய வேண்டும். கிணறுகளில் மக்கள் தொடர்ந்து நீர் இறைக்க வேண்டும். எண்ணெயோடு மேலே வந்த நீரை நாம் எங்கே வைத்தோம் என்பதைப் பொறுத்தே, எண்ணெய் போன பின் அங்கே எஞ்சுவது வயலா உவர்நிலமா என்பது அமையும்.